இரட்டை அச்சும் போலி இரட்டிப்பும்

1955-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயசாலையில், மூல முத்திரையை எஃகு அச்சின்மீது மறுமுறை அழுத்துகையில் அது சற்றே திரும்பிவிட்டமையால், லிங்கன் உருவம் தாங்கிய ஒரு சென்ட் நாணயங்கள் சிலவற்றில் ஆண்டும் வாசகங்களும் இரட்டையாக விழுந்தன. அவற்றுட் பல, சிகரெட் பெட்டியின் கண்ணாடிக் காகிதத்துக்குள் செருகிய மீதிச் சில்லறையாகவே ஜனங்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்பது ஒரு வேடிக்கை. ஆனால் இரட்டையாகத் தெரிவதெல்லாம் இவ்வகையன்று. நாணயத்தை அடித்த கணத்திலேயே, தளர்ந்திருந்த அச்சு சிறிது நகர்ந்து எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடுவது சர்வ சாதாரணம். அதற்கு விசேஷ மதிப்பும் இல்லை. பூதக்கண்ணாடியில் நோக்கினால், உண்மையானதில் இரு பிம்பங்களும் உருண்டு திரண்டு, மூலைகளில் சிறு பிளவோடு, எழுத்து தடித்து நிற்கும். மற்றதிலோ, படிக்கட்டுபோல் தட்டையான ஒரு விளிம்பு தாழ இருக்கும், அதுவும் எழுத்தின் உடலிலிருந்தே அபகரித்ததாகையால், எழுத்து மெலிந்திருக்கும்.