வாங்க ஆள் இருக்கிறது... வழி இருக்கிறதா?

சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் துரியன் பழத்தோடு ஏற முடியாது. வாசனை அப்படி. அதே பழத்தை 2023-ல் மட்டும் சுமார் 14 லட்சம் டன் இறக்குமதி செய்தது சீனா. மதிப்பு ஏறத்தாழ 670 கோடி டாலர்!

கையில் காசு சேரச் சேர ஆசியாவின் தட்டு மாறுகிறது. சோறு குறைந்து, இறைச்சியும் பாலும் பழமும் கூடுகின்றன. சீனா ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் சோயா வாங்குவதும் பெரும்பாலும் எண்ணெய்க்கும், பன்றி, கோழித் தீவனத்துக்கும்தான்.

ஆனால், தேவை இருப்பதாலேயே விற்றுவிட முடியாது. தாவர நோய்த்தடுப்பு ஒப்பந்தம் போட்ட நாட்டின் பழத்தைத்தான் சீனச் சுங்கத்துறை உள்ளே விடும். தோப்புக்கும் பேக்கிங் கூடத்துக்கும் பதிவு எண் வேண்டும். அதனால்தான் வெகுகாலம் அந்தச் சந்தை தாய்லாந்தின் கையில் இருந்தது. 2022 ஜூலையில் வியட்நாம் கையெழுத்திட்டது. 2024-ல் அதன் துரியன் ஏற்றுமதி 300 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

மலேசியாவின் சிக்கல் வேறு. அங்கே பழம் மரத்திலேயே கனிந்து விழும்வரை காத்திருப்பார்கள். ருசி அபாரம், ஆயுள் சில நாள்தான். அதனால் உறையவைத்தே அனுப்பிவந்தார்கள். 2024 ஜூன் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அவர்களின் புதுப்பழம் சீனாவுக்கு விமானம் ஏறியது.

திறந்த கதவு பாதி மூடவும் செய்யும். தாய்லாந்துப் பழத்தில் ‘பேஸிக் யெல்லோ 2’ என்ற தடைசெய்யப்பட்ட சாயம் சிக்கியதும், 2025 ஜனவரியில் சோதனைச் சான்று கட்டாயமானது. வியட்நாம் பழத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் பிரச்னையானது. ஆய்வகங்கள் போதாமல் சரக்கு தேங்க, தோப்பில் விலை சரிந்தது.

வியட்நாமின் டாக் லாக் பகுதியில் காப்பியை அகற்றிவிட்டுத் துரியன் நட்டவர்கள் ஏராளம். கன்று காய்ப்புக்கு வரச் சுமார் ஐந்தாண்டு ஆகும். அதற்குள் சீனாவின் ஹைனான் தீவிலும் துரியன் காய்க்கத் தொடங்கிவிட்டது. இனி கன்று நடுவதைவிட மண் பரிசோதனை, ஆய்வகம், குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றில் போடும் பணமே விவசாயியைக் காப்பாற்றும். உறையவைத்த பழத்துக்கும் 2024 ஆகஸ்டில் வியட்நாம் அனுமதி பெற்றிருக்கிறது. கிடங்கில் வைத்து விற்க முடிந்தவரால்தான் சீனா சொல்லும் விலைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியும்.