“மூவ்மென்ற்ஸ் எப்படி?”

மனைவி முதற்பிள்ளையைச் சுமந்த காலத்தில் நான் கிழக்குத் தாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. பகல் நித்திரையைக் குறைத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கூடப் போவேன். ஓ.எல். உடன் படிப்பை விட்டவன் என்றாலும் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான்தான் என்ற நினைப்பு.

முப்பத்தாறாவது வாரம் மருத்துவமாது, “மூவ்மென்ற்ஸ் எப்படி?” என்று கேட்டார். மனைவி நடமாடுகிறாரா என்று கேட்பதாக விளங்கிக்கொண்டு, “நல்லது, ஒவ்வொரு நாளும் நடக்கிறா” என்றேன். அவர் கேட்டது பிள்ளையின் துடிப்பை. மனைவி பக்கத்தில்தான் இருந்தார். அவரிடம் நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற பேச்சே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது மனைவி சொன்னார்: “இஞ்சாருங்கோ, பிள்ளை முந்தினமாதிரித் துடிக்கேல்லை. அண்டைக்கே சொல்ல நினைச்சனான்.” விடியட்டும், பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனேன். இதை எழுதக் கை கூசுகிறது.

தேநீர் நேரத்தில் கூட வேலை செய்யும் சமோவா நாட்டு அக்கா ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். எட்டாம் மாதத்தில் ஒரு மகனைப் பறிகொடுத்தவர் அவர். காரில் போகும்போதுதான் அதைச் சொன்னார். அன்றிரவே சத்திரசிகிச்சை நடந்தது. மகள் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இது எங்கள் வீட்டுக் கெட்டகாலம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பிரசவகால மரணங்களை ஆராய இந்நாட்டில் 2005இல் ஒரு மீளாய்வுக் குழு அமைக்கப்பட்டது. மாஓரி, பசிபிக் தீவு, இந்தியத் தாய்மாரின் பிள்ளைகளே கூடுதலாக இறக்கின்றன என்று அதன் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. வறுமை கூடிய இடங்களில் இழப்பும் கூட. இங்கிலாந்திலும் ஆசியப் பெண்கள் பேறுகாலத்தில் இறப்பது வெள்ளைக்காரப் பெண்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இதில் எங்கள் கணக்கு எங்கே? படிவத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதினால், புள்ளிவிபரத்தில் எங்களை ‘இந்தியர்’ என்ற பிரிவில் சேர்ப்பதில்லை. ஜப்பானியர், கொரியருடன் ‘ஏனைய ஆசியர்’ என்ற ஒரே சாக்குக்குள் போடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பது அந்தச் சாக்குக்குள் மறைந்து போகிறது.

தெற்கு ஒக்லாந்தில் பிள்ளை இழப்புக் கூடுதலாக இருந்தபடியால், 2012இல் பேராசிரியர் ரொன் பற்றர்சன் தலைமையில் கவுண்டிஸ் மனுக்காவ் பகுதியின் பேறுகாலப் பராமரிப்பைத் தனியாக ஆராய்ந்தார்கள். தாய்மார் நேரத்தோடு பராமரிப்புக்குள் வரவேண்டும் என்பது அதில் அழுத்திச் சொல்லப்பட்டது. எங்கள் ஆட்கள் பிந்துவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அம்மா தம்பியைச் சுமந்தபோது மருத்துவமாது சைக்கிளில் படலையடிக்கே வந்து பெயரைப் பதிந்தார். இங்கு அப்படி ஒருவரும் தேடி வரமாட்டார்கள். எல்.எம்.சி. என்று சொல்லப்படும் பொறுப்பு மருத்துவமாதை நாங்களே தேடிப் பிடிக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த வாரமே குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். பிள்ளை பிறந்து நான்கு முதல் ஆறு வாரம் வரை அவர் பார்ப்பார். அகதியாக ஏற்கப்பட்டவருக்கும், விண்ணப்பித்துக் காத்திருப்பவருக்கும் இது இலவசம். சில இடங்களில் ஸ்கானுக்கு மட்டும் காசு கேட்பார்கள்.

தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பும் அதிகம். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சீனிச் சோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். மனைவிக்குக் கிடைத்த உணவுத் தாளில் பாணும் உருளைக்கிழங்கும் இருந்தன. பிட்டு, இடியப்பம் இல்லை. எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டுத்தான் அறிந்தோம்.

இன்னொன்று இந்த ஊரிலேயே கண்டுபிடித்தது. கடைசி மூன்று மாதமும் நித்திரைக்குப் போகும்போது மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு. 2011இல் வெளிவந்த ஒக்லாந்து ஆய்வு ஒன்று முதலில் காட்டியதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. துடிப்புக் குறைந்தால் நான் செய்ததுபோல் விடியும்வரை இருக்காதீர்கள். நடுச்சாமம் என்றாலும் மருத்துவமாதுக்கு ரெலிபோன் எடுங்கள்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது பிச்சை கேட்பதல்ல. 1996 முதல் இந்நாட்டில் நோயாளர் உரிமைக் கோவை சட்டமாக இருக்கிறது. தேவைப்படும் இடத்தில், நியாயமாக ஒழுங்குசெய்யக்கூடிய வரையில், தகுதியான மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது அதில் உள்ள உரிமை. துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போவதும் உரிமைதான். கணவன்மார் துணைக்குப் போங்கள், மொழிபெயர்க்கப் போகாதீர்கள். எங்கள் பெண்கள் எங்களுக்கு முன்னால் சொல்லாத சங்கதிகளும் இருக்கின்றன.

இரண்டாவது பிள்ளைக்கு முதல் நாளே கேட்டுவிட்டோம். ரெலிபோனில் ஒரு தமிழ்ப் பெண்குரல் வந்தது. மருத்துவமாது என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். மனைவி நாற்பது நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.