பாறசாலையிலிருந்து கல்லூரி பேஸ்பால் அணிக்கு

கேரள-தமிழ்நாடு எல்லையோரமாக, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களில் பிள்ளைகளின் கை பழகுவது கிரிக்கெட் பந்தில்தான். அந்தக் கையோடு பேஸ்பாலில் பிட்சராகி (பந்து வீசுபவராகி), பிளஸ் டூ முடித்ததும் கல்லூரி அணியில் சேர விரும்பும் மாணவருக்கும் பெற்றோருக்கும் இந்த விளக்கம்.

வீச்சு எப்படி மாறும்?

கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. பேஸ்பாலில் அது நன்றாக மடங்கி நிமிர வேண்டும். பிட்சருக்கும் அடிப்பவர் பக்கத் தட்டுக்கும் (ஹோம் பிளேட்) இடையே 18.44 மீட்டர், பந்து தரையில் படாமல் தட்டின் மேலே போக வேண்டும். பின்காலால் உந்தி, இடுப்பைத் திருப்பினால்தான் கைக்கு வேகம் வந்து சேரும். ஈட்டி எறிந்து பழகிய உத்தரப் பிரதேச இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி ஒப்பந்தம் செய்தது. எறியப் பழகிய உடல் வீணாவதில்லை என்பதற்கு அவர்களே சான்று.

எதை முதலில் கற்பது?

நேர் வேகப்பந்தைக் குறிபார்த்துப் போடுவது முதல் பாடம். அதே கைவீச்சில் மெதுவாக வரும் சேஞ்ச்அப் அடுத்தது. வளைபந்துக்கு அவசரம் வேண்டாம்.

எத்தனை பந்து வீசலாம்?

அமெரிக்காவின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல்படி 15, 16 வயதினர் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 31 முதல் 45 பந்து வரை வீசினால் 1 நாள், 46 முதல் 60 வரை 2 நாள், 61 முதல் 75 வரை 3 நாள், 76 அல்லது அதற்கு மேல் என்றால் 4 நாள் ஓய்வு. ஆண்டில் 4 மாதமாவது போட்டிகளில் வீசக் கூடாது; அதில் 2, 3 மாதம் தொடர்ச்சியாக எறிதலே கூடாது. வளரும் எலும்பின் முனைகளும் முழங்கையின் உள்பக்கத் தசைநாரும் ஓய்வில்தான் தேறும். அந்தத் தசைநார் கிழிந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மீண்டும் போட்டியில் வீச ஓராண்டுக்கு மேலாகலாம்.

எல்லையோரப் பிள்ளைகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சனிக்கிழமை பாறசாலையில் 40 பந்து வீசியவரை, ஞாயிறன்று களியக்காவிளைப் பக்கத்து அணி கூப்பிட்டாலும் வீச அனுப்பாதீர்கள். இரு பக்கக் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். முழங்கை வலித்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வீச வேண்டாம்.

கல்லூரிக்கு என்ன வேண்டும்?

பள்ளி விளையாட்டுகளில் எந்த மாநிலத்துக்கு ஆடுவது என்பதைப் படிக்கும் பள்ளியே தீர்மானிக்கும். எனவே எல்லை தாண்டிப் பள்ளி மாறுமுன் யோசியுங்கள். மாவட்ட, மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்களே விளையாட்டு ஒதுக்கீட்டில் மதிப்பெண்ணாகும், அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சேர நினைக்கும் கல்லூரியில் பேஸ்பால் அணி உண்டா, ஒதுக்கீட்டுப் பட்டியலில் அந்த விளையாட்டு இருக்கிறதா என்று பிளஸ் ஒன்னிலேயே உடற்கல்வி ஆசிரியர் மூலம் விசாரியுங்கள். பள்ளியில் கையைத் தேய்த்துவிட்டால் எந்தச் சான்றிதழும் உதவாது. கல்லூரி அணிக்குத் தேவை இன்னும் பல ஆண்டு வீசக்கூடிய கை.