லஞ்சம் கொடுத்தவருக்கு ஏழு நாள் அவகாசம்

பட்டா மாறுதலுக்கு மனு போட்டுவிட்டு மாதக்கணக்கில் அலைகிறார் ஒருவர். "பார்த்துக் கொடுங்க, முடிச்சிடலாம்" என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். வேறு வழி தெரியாமல் கொடுத்துவிடுகிறார். வாங்கியவர் செய்தது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுத்தவர் மீதும் வழக்குப் பாயலாம் என்பது பலருக்குத் தெரியாது.

1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் பெரிய திருத்தம் செய்யப்பட்டு, அந்த ஆண்டு ஜூலை 26-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு, வாங்கிய அதிகாரிக்கு எதிராக வாக்குமூலம் கொடுப்பவருக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருந்தது. 'நான் கொடுத்தேன்' என்று அவர் சொல்வதை வைத்து அவர் மீதே வழக்குத் தொடர முடியாது. திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, லஞ்சம் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது. ஏழு ஆண்டுகள் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆனால் இரண்டு வழிகளைச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாள்களுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிடமோ புகார் செய்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, அதிகாரியைப் பிடித்துக்கொடுப்பதற்காகப் பணம் கொடுப்பவருக்கும் தண்டனை இல்லை. இரண்டாவது வழிதான் பத்திரமானது என்பேன். ஏழு நாள் என்பது மிகக் குறுகிய கெடு. காரியம் இன்னும் முடியாத நிலையில், அதே அலுவலகத்தின் தயவை எதிர்பார்த்து நிற்கும் ஏழை விவசாயி அதற்குள் துணிந்து புகார் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

'என் வேலையைத்தானே செய்தேன், தவறாக எதுவும் செய்யவில்லையே' என்று அதிகாரி தப்பிக்க முடியாது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: வழக்கமான ரேஷன் கார்டு மனுவைக் காலத்தில் முடித்துத் தர ஐயாயிரம் ரூபாய் கேட்டாலே குற்றம். குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் சிறை. தானே கைநீட்டாமல் இன்னொருவர் மூலம் வாங்கினாலும் அதே குற்றம்தான். அரசு ஊழியரைச் சரிக்கட்டித் தருவதாகப் பணம் வாங்கும் புரோக்கருக்கும் அதே தண்டனை.

தமிழ்நாட்டில் மாநில அரசு ஊழியர்கள் மீதான புகார்களை லஞ்ச ஒழிப்புத் துறை விசாரிக்கிறது. மத்திய அரசு ஊழியர் என்றால் சிபிஐ. புகார் பதிவானதும் ரூபாய் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் பினாப்தலின் பவுடரைத் தடவுவார்கள். புகார்தாரருடன் சாட்சியாக வேறு துறை அரசு ஊழியர் ஒருவரையும் அனுப்புவது வழக்கம். பணம் கைமாறியதும் புகார்தாரர் சைகை காட்ட, போலீசார் உள்ளே வருவார்கள். அதிகாரியின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அதைப் பாட்டிலில் அடைத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

நிறம் மாறியதோடு வழக்கு முடிந்துவிடாது. பணத்தைக் கேட்டார், கேட்டு வாங்கினார் என்று நிரூபிக்க வேண்டும்; நோட்டு கையில் இருந்தது மட்டும் போதாது. புகார்தாரர் பின்னாளில் பிறழ்சாட்சி ஆகி வழக்குகள் விழுந்தது உண்டு. அப்படி நடந்தாலும், அவர் இறந்தே போனாலும், மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலைச் சான்றுகளையும் கொண்டு குற்றத்தை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் சாதாரணமாக நான்கு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம்.

இந்தச் சட்டத்தில் எனக்கு உறுத்தலாக இருக்கும் இடம் 17ஏ பிரிவு. அரசு ஊழியர் பதவியில் எடுத்த முடிவு, செய்த பரிந்துரை குறித்து விசாரிக்க வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. கையும் களவுமாகப் பிடிக்கும்போது மட்டும் அனுமதி தேவையில்லை. ஆக, சில ஆயிரம் வாங்கும் எழுத்தரை உடனே பிடிக்கலாம். கோடிக்கணக்கான டெண்டரை ஒருவருக்குச் சாதகமாக முடித்தவரின் கோப்பைத் திறக்க, அரசிடமே கேட்டு மூன்று மாதமோ நான்கு மாதமோ காத்திருக்க வேண்டும். மத்திய அரசின் உயர் அதிகாரிகளுக்கு இருந்த இதேபோன்ற பாதுகாப்பை 2014-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நான்கே ஆண்டுகளில் அது எல்லா நிலை ஊழியருக்குமாகத் திரும்பி வந்தது. நேர்மையான அதிகாரி பயமில்லாமல் முடிவெடுக்க இது தேவை என்பது அரசின் வாதம். அந்தப் பயம் உண்மைதான். ஆனால் அனுமதி தரும் அதிகாரம் அரசின் கையில் இல்லாமல் ஒரு சுதந்திர அமைப்பிடம் இருந்திருக்க வேண்டும்.

புகார் கொடுக்கப் போகிறவர் கையில் வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை. மனு எண், யார், எந்தத் தேதியில், எவ்வளவு கேட்டார் என்ற விவரம், போன் பேச்சு பதிவாகியிருந்தால் அது. பேரம் பேசித் தொகையை நீங்களாக உயர்த்தாதீர்கள். கேட்டது அதிகாரி என்பது கடைசிவரை தெளிவாக இருக்க வேண்டும். வழக்குப் பதிவானதும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமில்லாமல் பெறுவது உங்கள் உரிமை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.