ஒரு டிரம்பெட்டுக்குள் ஏழு பியூகிள்

ஜூலை 14, பிரெஞ்சு தேசிய தினம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னத்தின் முன்னே இந்திய, பிரெஞ்சு தேசிய கீதங்கள் ஒலிக்கும். பிரெஞ்சு கீதமான மார்செய்யேஸைப் பிரெஞ்சுக் காலாட்படையின் பழைய பியூகிளான கிளெரோனில் வாசிக்க வழியே இல்லை. முதல் அடியிலேயே ‘ரி’ வந்துவிடுகிறது. கிளெரோனில் ‘ரி’ கிடையாது.

கிளெரோன் என்பது துளையோ பொத்தானோ இல்லாத, சுருட்டிய பித்தளைக் குழல். நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். வாய் வைக்கும் சிறு கிண்ணத்தில் உதட்டை இறுக்கி ஊதினால் உதடு துடிக்கும். ஆனால் இஷ்டப்பட்ட வேகத்தில் துடிக்கக் குழல் விடாது. ஒலியலை விரிந்த முனைவரை போய், கொஞ்சம் வெளியேறி, மிச்சம் திரும்பி வந்து உதட்டைத் தட்டுகிறது. இந்தப் போக்குவரத்தோடு ஒத்துப்போகும் துடிப்புகளே நிலைக்கின்றன. அவை ஓர் அடிப்படை எண்ணின் 2, 3, 4, 5, 6 மடங்குகள். நம் கணக்கில் ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், மேல் ப. தம்புராவின் மந்தரத் தந்தியில் தானாகக் கேட்கும் சுயம்பு காந்தாரமும் இதே ஐந்தாம் மடங்குதான். நம் கோயில் எக்காளத்துக்கும் கொம்புக்கும் இதுதான் விதி.

‘ரி’ ஒன்பதாம் மடங்கில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைஞர்கள் இரண்டு மீட்டருக்கும் நீண்ட குழலில் எட்டிலிருந்து பதினாறு வரை ஏறி அதைப் பிடித்தார்கள். அசாத்திய உதடு வேண்டும்! அங்கும் பதினொன்றாம் மடங்கு சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவே விழுந்து தொல்லை கொடுக்கும். உதட்டாலேயே தள்ளிச் சரிசெய்வார்கள். அந்தக் கருவிகளை இன்று மறுபடி செய்பவர்கள் பலர் குழலில் சிறு துளைகள் போட்டு இந்தச் சிக்கலைத் தணிக்கிறார்கள்.

நிரந்தர வழி பிஸ்டன் எனும் வால்வு. ஜெர்மனியில் 1810-களில் வால்வு பிறந்தது. இன்றைய டிரம்பெட்டில் இருப்பது 1830-களின் இறுதியில் பாரீசின் பெரினே அமைத்த வகை. நடுப் பிஸ்டனை அழுத்தினால் சுமார் 9 சென்டிமீட்டர் குழல் கூடுதலாகச் சேர்ந்து அரை ஸ்வரம் இறங்குகிறது. முதலாவது ஒரு ஸ்வரம், மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் மாற்றி மாற்றி அழுத்தினால் ஏழு நீளங்கள், அதாவது ஏழு பியூகிள்கள். ஒன்றில் இல்லாத ஸ்வரம் இன்னொன்றில் கிடைத்துவிடும்.

ஒரு குறை மட்டும் உண்டு. ஏற்கெனவே நீண்ட குழலை அதே அளவு இறக்க இன்னும் நீளம் தேவை. முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால், கணக்குப்படி மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பற்றாமல் சுருதி ஏறிவிடும். மூன்றாம் பிஸ்டனின் குழலில் இருக்கும் வளையம் அதற்குத்தான்: இடது மோதிர விரலை அதில் நுழைத்து, வாசித்துக்கொண்டே குழலை வெளியே தள்ளுகிறார்கள்.