புஸ்ஸுன்னு ஒரு சத்தம்! (ஏர் பிரேக் கசிவும் சோப்பு நுரையும்)



துறைமுகத்துக்கு மீன் ஏற்ற வரும் லாரியிலும், சிதம்பரம் போகிற பஸ்ஸிலும் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தவுடன் "புஸ்ஸ்"னு ஒரு சத்தம் வரும். கேட்டிருப்பீங்க. சின்னப் பசங்க "டேய், டயர் பஞ்சர்!"னு கத்துவாங்க. அது பஞ்சர் இல்லை. பிரேக் பிடித்து முடித்த காற்று வெளியே போகிற சத்தம். அது வந்தால் நல்லதுதான்.

ஆனால் வண்டி சும்மா நிற்கும்போதும் எங்கேயோ "ஸ்ஸ்ஸ்..."னு விடாமல் கேட்டால்? அதுதான் கசிவு. அதைச் சும்மா விடக்கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

காற்று எப்படி பஸ்ஸை நிறுத்துது?

இன்ஜினோடு சேர்ந்து ஒரு கம்பிரஷர் ஓடும். அது காற்றை அழுத்தி டேங்கில் அடைக்கும். கார் டயரில் சுமார் 30 பவுண்டு காற்று இருக்கும். பஸ்ஸின் ஏர் டேங்கில் 100 பவுண்டுக்கு மேல் இருக்கும்! டிரைவர் மிதித்ததும் அந்தக் காற்று பைப் வழியாக ஒவ்வொரு சக்கரத்துப் பக்கத்திலும் உள்ள சேம்பருக்குப் போய், ஒரு ரப்பர் தட்டைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் பிரேக்.

ஒரு கணக்கு போடுவோமா? ரப்பர் தட்டின் பரப்பு 150 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தம் என்றால், 150 × 7 = 1050 கிலோ! ஒரு டன்னுக்கு மேல். கசிந்து கசிந்து அழுத்தம் பாதியானால் 525 கிலோதான். அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற பஸ்ஸுக்கு இது சின்ன விஷயமா?

ரயிலில் தலைகீழ்!

நம்ம கடலூர் துறைமுகம் சந்திப்பில் ரயில் பெட்டிகளுக்கு நடுவில் ரப்பர் ஓஸ் தொங்குவதைப் பார்த்திருப்பீங்க. அதில் பிரேக் பைப் என்பதில் 5 கிலோ அழுத்தத்தில் எப்போதும் காற்று இருக்கும். அந்தக் காற்று குறைந்தால்தான் பிரேக் பிடிக்கும். அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பதும் இதுதான், காற்று வெளியேறுது, வண்டி நிற்குது.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1869-ல் முதலில் செய்த ரயில் பிரேக் இப்படி இல்லை. அதில் ஓஸ் அறுந்தால் பிரேக்கே போய்விடும். அதனால் 1872-ல் அதைத் தலைகீழாக மாற்றினார். காற்று போனால் வண்டி தானே நிற்கணும்!

இப்போதுள்ள பெரிய வண்டிகளில் இந்த யோசனை பார்க்கிங் பிரேக்கில் இருக்கு. காற்று ரொம்பக் குறைந்தால் ஒரு பலமான ஸ்பிரிங் சக்கரத்தைப் பிடித்துவிடும். ஆனால் காலால் மிதிக்கிற பிரேக்குக்குக் காற்று வேணும். அதனால்தான் காற்று குறைந்தால் டிரைவர் முன்னால் பஸ்ஸர் கத்தும்.

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

சைக்கிள் டியூபில் ஓட்டை இருந்தால் தண்ணீர்த் தொட்டியில் முக்குவோம். வால்வில் சந்தேகம் என்றால் எச்சில் தொட்டு வைப்போம். பஸ்ஸை எந்தத் தொட்டியில் முக்குவது? அதற்குத்தான் சோப்பு நுரை!

எங்கள் தெருவில் லாரி வேலை பார்க்கும் மாமா செய்யும் முறை இது:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கணும்.

2. காற்று நிரம்பியதும் இன்ஜினை அணைத்து மீட்டர் முள்ளைப் பார்க்கணும். அமெரிக்காவில் தனி வண்டிக்கு ஒரு கணக்கு வைத்திருக்காங்க. பிரேக் மிதிக்காமல் ஒரு நிமிடத்தில் 2 பவுண்டு, மிதித்தபடி 3 பவுண்டு, அதற்கு மேல் இறங்கக்கூடாது.

3. பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை பூசணும். முட்டை முட்டையாகக் குமிழ் கிளம்பினால் அங்கேதான் கசிவு.

4. இன்னொருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க, மறுபடி பூசிப் பார்க்கணும். சேம்பருக்குப் போகும் பைப்பில் மிதிக்கும்போது மட்டும்தான் காற்று வரும். பலபேர் இதை மறந்துடுவாங்க.

சரி செய்வது எப்படி?

முதல் வேலை, டேங்கில் இருக்கும் காற்றை முழுசா இறக்குவது. காற்றோடு நட்டைக் கழற்றினால் பைப் சாட்டை மாதிரி அடிக்கும்.

நைலான் பைப்பின் நுனியில் ஒரு சின்னப் பித்தளை வளையம் இருக்கும். அதற்கு ஸ்லீவ் என்று பேர். காற்றை அடைப்பது அதுதான், நட்டின் மரை இல்லை. நட்டை மேலும் மேலும் முறுக்கினால் ஸ்லீவ் நசுங்கி கசிவு கூடத்தான் செய்யும். மரையில் வெள்ளை டேப் சுற்றுவதும் இங்கே உதவாது. டேப் துண்டு உள்ளே போய் வால்வில் மாட்டிக்கும்.

பைப் நுனியைக் கூரான பிளேடால் நேராக வெட்டணும். புது ஸ்லீவ் போட்டு, பைப்பைக் கடைசி வரை தள்ளி, அளவாக இறுக்கணும். பிறகு காற்று ஏற்றி மறுபடி நுரைப் பரீட்சை! கடைசியில் நல்ல தண்ணீரால் சோப்பைக் கழுவிவிடணும்.

நம்ம ஊருக்கு மட்டும் இரண்டு விஷயம்

கடல்காற்றிலும், மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரிலும் இரும்பு நட்டும் கிளாம்ப்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அடிக்கடி பார்க்கணும். அடுத்தது, ஈரக் காற்றை அழுத்தினால் டேங்குக்குள் தண்ணீர் சேரும். டேங்குக்கு அடியில் உள்ள வால்வைத் திறந்து அதைத் தினமும் வடித்துவிடுவது நல்ல பழக்கம்.

எச்சரிக்கை: நாம் யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது! ஸ்பிரிங் உள்ள சேம்பரை, பயிற்சி பெற்றவர் தவிர யாரும் பிரிக்கக்கூடாது. உள்ளிருந்து ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் காது நம்மிடம் இருக்கு! பஸ் நிற்கும்போது "ஸ்ஸ்ஸ்"னு விடாமல் கேட்டால், "அண்ணே, காத்து இறங்குற சத்தம் கேக்குது"ன்னு டிரைவர் அண்ணனிடமோ கண்டக்டர் அண்ணனிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.