படிவம் இரண்டில் யாருடைய கையெழுத்து?

நகரியில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெரு. கட்டில் மேல் போர்வையை விரித்து அந்தப் பெண் தன் சர்டிபிகேட்டுகளைப் பரப்பினாள். மொத்தம் பதினான்கு. கபடி ஆடியவள், வயது 24 முடிந்து ஆறு மாதம். போன வருஷம் இடது முழங்காலில் அடிபட்டதிலிருந்து மடக்கி உட்கார முடியவில்லை. நின்றபடியேதான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “எல்லாம் பத்திரமா இருக்குதுங்க, ஒண்ணும் விடல” என்றார் அவளுடைய நைனா. அத்தனையையும் காசு கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார்.

பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கனத்தது. பதினொன்று, சங்கராந்திக்கும் கங்கை ஜாத்திரைக்கும் ஊர்க்காரர்கள் நடத்திய போட்டிகளில் வாங்கியவை. அவற்றை வாங்கித் தந்த ஆட்டம் உசத்திதான். ஆனால் அரசு வேலைக்கு அவை வெறும் காகிதம். மீதி மூன்றில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியது, ஒன்று ஜூனியர் நேஷனல்ஸில் மாநில அணிக்கு ஆடியது. பத்து வருஷ உழைப்பில் கணக்கில் வருவது இந்த மூன்றுதான். அதிலும் மாநில அணிச் சான்று ‘பங்கேற்றார்’ என்று அச்சடித்த அட்டை. விதி கேட்கிற படிவத்தில் இல்லை.

விளையாட்டில் 28, 30 வயதுக்குள் ஓய்வு வந்துவிடுகிறது. மற்றவர்கள் உத்தியோகத்தில் காலூன்றும் வயது அது. பிரகாசம் மாவட்டத்தில் பிறந்து, ஆல் இங்கிலாந்து பட்டம் வென்று, பிறகு பயிற்சியாளராக நாட்டுக்கே வழிகாட்டிய புல்லேலா கோபிசந்த் 2025 பிப்ரவரியில் ஒரு பேட்டியில், பணமோ குடும்பத் தொழிலோ இல்லாத வீட்டார் பிள்ளைகளை முழுநேர விளையாட்டில் இறக்க வேண்டாம் என்ற பொருளில் பேசியபோது பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அது வருத்தப்பட்ட மனிதரின் பேச்சாகவே பட்டது. ஆனால் நகரியிலும் புத்தூரிலும் ஆடுகிற பிள்ளைகளில் அநேகர் அவர் சொன்ன அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களை ஆடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆடும்போதே அடுத்த பிழைப்புக்கான தாளைச் சேர்த்துக்கொள் என்றுதான் சொல்வேன்.

சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்திய மகளிர் ஹாக்கி அணிக்குப் போனவர் கோல்கீப்பர் ரஜனி எதிமர்ப்பு. ஏனுமுலவாரிபல்லி என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 2018 ஆசியப் போட்டியில் வெள்ளி வென்ற அணியில் இருந்தார். 2024இல் மஸ்கட்டில் நடந்த ஐவர் ஹாக்கி உலகக் கோப்பையில் கேப்டனாக அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்து ஊர் திரும்பியதும் 2021 ஆகஸ்டில் ஆந்திர அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய், திருப்பதியில் 1000 சதுர கஜம் மனை, மாதம் 40,000 ரூபாய், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று அறிவித்தது. முன்பே அறிவித்து நிலுவையில் கிடந்த தொகையையும் அப்போதுதான் விடுவித்தார்கள். ஒலிம்பிக் வரை போனவருக்கே அறிவிப்புக்கும் பணத்துக்கும் நடுவில் இவ்வளவு காலம். மேடையில் சொன்ன பரிசு உங்கள் கைக்கு வர வேண்டுமானால் அதற்கு ஒரு ஜி.ஓ., அதாவது அரசாணை, வேண்டும். அதன் எண்ணையும் தேதியையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

ஆனால் நம் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர்கூட அந்த உயரத்துக்குப் போவதில்லை. அவர்களுக்கான கதவு ஸ்போர்ட்ஸ் கோட்டா. மத்திய அரசு அலுவலகங்கள் குரூப் ‘சி’ பணிகளில் ஒரு பங்கை விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கலாம். தகுதியைக் காட்ட நான்கு படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. தேசிய சம்மேளனத்தின் செயலர் கையெழுத்திட வேண்டும். மாநிலத்துக்காக நேஷனல்ஸ் ஆடியவருக்குப் படிவம் 2. மாநிலச் சங்கச் செயலர். பல்கலைக்கழக அணிக்குப் படிவம் 3. விளையாட்டுத் துறை டீன் அல்லது இயக்குநர். பள்ளி அளவில் தேசியப் போட்டி ஆடியவருக்குப் படிவம் 4. கல்வித் துறையின் உயர் அதிகாரி. மாவட்டச் சங்கத் தலைவரோ பி.இ.டி. மாஸ்டரோ எவ்வளவு மனசாரக் கையெழுத்திட்டாலும் அது இந்த இடத்தில் செல்லாது. ஆடிய மாதமே இந்தப் படிவத்தை வாங்கிவிட வேண்டும். ஐந்து வருஷம் கழித்துப் போனால் செயலர் மாறியிருப்பார், சங்கம் இரண்டாக உடைந்திருக்கும், பழைய பதிவேடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையையும் கையெழுத்தையும் சரிபார்க்க வேண்டியவருக்கு அந்தப் பிளாஸ்டிக்கே தடை. சாதாரண உறையில் போட்டு வைத்து, செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

ரயில்வேயில் கணக்கு இன்னும் கறார். வயது 18 முதல் 25 வரை. யாருக்கும் சலுகை இல்லை. மொத்தம் 100 மதிப்பெண்ணில் ட்ரயல்ஸுக்கு 40, சாதனைக்கு 50, படிப்புக்கு 10. ட்ரயல்ஸில் 40க்கு 25 எடுக்காதவர் அங்கேயே நின்றுவிடுவார். அறிவிக்கை வந்த நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளும்தான் கணக்கு, அதற்கு முன் வாங்கியது எவ்வளவு பெரிய பதக்கமானாலும் எடுபடாது. பங்கேற்றது மட்டும் போதாது, எத்தனையாவது இடம் என்றும் பார்ப்பார்கள். கட்டில் மேல் கிடந்த மூன்று சான்றுகளையும் இந்த விதிகளோடு வைத்துப் பார்த்தபோது, அந்தப் பெண்ணுக்கு ரயில்வே வாசல் ஏறக்குறைய மூடிவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. மற்ற மத்திய அலுவலகங்களின் விளையாட்டு ஒதுக்கீட்டில் 5 வருஷம் வரையும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 10 வருஷம் வரையும் வயது வரம்பைத் தளர்த்தலாம். தபால்துறை, வருமான வரித்துறை, கணக்குத் தணிக்கை அலுவலகங்கள் அவளுக்கு இன்னும் திறந்துதான் இருக்கின்றன. படிவம் 2 கையில் வந்தால்.

ஆந்திர அரசு 2024 விளையாட்டுக் கொள்கையில் மாநில வேலைகளுக்கான ஒதுக்கீட்டை 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக்கியது. 2025 மெகா டிஎஸ்சி என்ற ஆசிரியர் தேர்வில் 16,347 பணியிடங்களில் 421 விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்பட்டன. பதக்கம் இருந்தாலும் ஆசிரியர் பணிக்குரிய படிப்பை முடிக்காதவர்களுக்கு இதில் இடமில்லை. கோச்சிங் கேம்புக்காகப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல். சித்தூரிலிருந்து வேலூர் எட்டிப் பிடிக்கிற தூரம், நகரிக்குத் திருத்தணி பக்கத்து ஊர். தமிழில் படிக்கட்டும், நல்ல மைதானம் கிடைக்கட்டும் என்று பிள்ளையை அந்தப் பக்கம் சேர்க்கிறோம். அங்கே ஆடினால் தமிழ்நாட்டு அணியில் எடுப்பார்கள். படிவம் 2 தமிழ்நாட்டுச் சங்கம் தரும். ஆந்திர மாநில வேலைக்கு வரும்போது அரசமைப்பின் 371-டி பிரிவின்கீழ் வந்த உத்தரவுப்படி பத்தாம் வகுப்பு வரை கடைசி நான்கு வருஷம் எங்கே படித்தார் என்று கேட்டு, ‘லோக்கல்’ இல்லை என்பார்கள். தமிழ்நாட்டு 3 சதவீத ஒதுக்கீட்டுக்குப் போனால் அங்கேயும் சொந்த மாநிலம் எது என்ற கேள்வி வரும். இரண்டு கரையிலும் கால் வைத்தவர் ஆற்றில் நிற்கிறார். எட்டாம் வகுப்பில் பள்ளி மாற்றும்போதே இதை யோசிக்க வேண்டும். பதக்கம் வந்த பிறகு யோசித்துப் பயனில்லை. மத்திய அரசு வேலையில் இந்தத் தொல்லை இல்லை, எந்த மாநிலத்துக்கு ஆடியிருந்தாலும் சரி.

வேலை கிடைக்காதவர்கள் பயிற்சியாளராகப் போகலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கும் தாள் வேண்டும். பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் தருகிற என்ஐஎஸ் டிப்ளமாவுக்கு நாடு முழுக்க மதிப்பு உண்டு; ஒரு வருஷப் படிப்பு, ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சவுந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அதைப் பறித்தார்கள். அந்த அவமானத்தோடு செங்கல் சூளையில் கூலிக்கு நின்றவர், பிறகு என்ஐஎஸ் டிப்ளமா முடித்தார். தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையம் வரை தன் புகாரைக் கொண்டுபோனார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். பதக்கம் திரும்பவில்லை. ஆனால் பிடுங்க முடியாத படிப்பு ஒன்று அவர் கையில் இருந்தது. ஸ்ரீகாகுளத்தின் கர்ணம் மல்லேஸ்வரியையும் எண்ணிப் பார்க்கிறேன். சிட்னியில் பளு தூக்கி வெண்கலம் வென்றவர், இந்திய உணவுக் கழகத்தில் அதிகாரியாக உயர்ந்து, 2021இல் டெல்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

அந்த வீட்டில் நான் பயந்தது வேறொன்றுக்கு. “சென்னையில ஒருத்தர் எட்டு லட்சம் கேட்கறார், ரயில்வேயில கோட்டா சீட் இருக்குதாம்” என்றார் நைனா. தறியை விற்கக்கூடத் தயாராக இருந்தார். ட்ரயல்ஸ் அறிவிக்கை ரயில்வேயின் சொந்த இணையதளத்தில் வரும், வேறெங்கும் ‘சீட்’ விற்பனைக்கு இல்லை. ஆசை காட்டி ஏமாற்றிப் பணம் பறித்தவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவில் 7 வருஷம் வரை சிறை. ஏமாந்தவர் சென்னைக்கு அலைய வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும், மணி நேரக் கணக்கில்தான் அதை நிறுத்த முடியும். நிஜ அதிகாரியே லஞ்சம் கேட்டால் ஆந்திர ஊழல் தடுப்புப் பிரிவின் (ஏசிபி) எண் 1064. கட்டாயத்தில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் சட்டம் அவரைக் குற்றவாளியாகப் பார்க்காது. பேசாமலிருந்தால் கொடுத்தவரும் குற்றவாளி. போலிச் சான்றும் அப்படியே, கண்டுபிடித்த அன்று வேலையும் போகும், வழக்கும் வரும்.

கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து இடையில் விலகியவரின் ஒரிஜினல் சான்றுகளைப் பிடித்து வைப்பதும் இங்கே நடக்கிறது. யுஜிசி 2018இலேயே இதைத் தடை செய்திருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், ஏற்பு முத்திரை வாங்குங்கள்.

அடிபட்டோ வறுமையிலோ இருக்கும் முன்னாள் வீரர்களுக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் பண்டித தீனதயாள் உபாத்யாய நல நிதி உண்டு. ஆசிய, காமன்வெல்த், உலகப் போட்டி, ஒலிம்பிக் பதக்கக்காரர்களுக்கு 30 வயதும் ஓய்வும் ஆன பிறகு மாதம் 12,000 முதல் 20,000 ரூபாய் வரை ஓய்வூதியம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய ‘ரீசெட்’ திட்டம் மாநில அளவில் பதக்கம் வாங்கி ஓய்வு பெற்றவர்களுக்கும், 20 முதல் 50 வயது வரை, புதிய தொழிலுக்குப் பயிற்சி தருகிறது. பிளஸ் டூ முடிக்காதவர்களுக்கும் அதில் தனிப் பிரிவு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. பி.இ.டி. மாஸ்டர்கள் தயவு செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

“கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னா என்ன பண்றது, அண்ணா?” என்று கேட்டாள் அந்தப் பெண். படிவம் 2 கேட்டு மாநிலச் சங்கச் செயலரை நேரில் இரண்டு முறை பார்த்துவிட்டாளாம். மூன்றாவது முறை பேச வேண்டாம் என்றேன். பதிவுத் தபாலில் ஒரு பக்க மனு: எந்தப் போட்டி, எந்தத் தேதி, எந்த ஊர், அணியில் தன் ஜெர்ஸி எண். நகல் மாவட்ட விளையாட்டு வளர்ச்சி அதிகாரிக்கு. அணிப் பட்டியலின் நகல் கேட்டு விளையாட்டு ஆணையத்துக்கு ஆர்டிஐ மனு, கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். அப்படியும் நகராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம், அல்லது அரசின் குறைதீர் எண் 1100. பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே அவளுக்கு இலவச வக்கீல் தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் கடமைப்பட்டிருக்கிறது; எண் 15100.

நைனா பிளேடால் லேமினேஷனின் ஓரத்தைக் கீறப் போனார். தாள் கிழிந்துவிடும் என்று தடுத்தேன். போட்டி நடந்த வருஷத்து நாளிதழில் அணியின் படம் வந்திருந்ததாக அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பீரோவின் மேல்தட்டில் அதைத் தேட நாற்காலியை இழுத்துப் போட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.